கண் கழுவிய தண்ணீர்

கண்ணைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்கிற பெண் ஒருத்தியோடு இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே அறையில் இருந்தேன். வடக்குப்பட்டில் ஒரு மாடி வீடு, மேலே தகரம் போட்ட அறை. நான் குடிவந்த அன்று மதியம் ஏ ஷிப்ட் முடிந்து வந்தவள், யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவிய கையை எதிலும் படாமல், ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு விரலால் கண்ணைக் கிள்ளினாள். உள்ளங்கையில் ஏதோ மினுங்கியது. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. கண்ணாடி என்றால் மூக்கின் மேல் உட்காருவது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். "யக்கா, கண்ணுல இருந்து என்னமோ விழுந்துருச்சு!" என்று கத்திவிட்டேன்.

"விழல. எடுத்தேன். நீ கைய கழுவுனியாளா?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பெயர் வேண்டாம். அறையில் இருந்த நாலு பேரில் மூத்தவள் என்பதால் எங்களுக்கு அக்கா. கம்பெனியில் ஸ்கோப் அக்கா. ஸ்கோப் என்றால் மைக்ராஸ்கோப். ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் செல்போனுக்குள் இருக்கிற பச்சை அட்டையைச் செய்தோம். எள்ளைவிடச் சிறிய பாகங்களை மெஷின் பொறுக்கி ஒட்டும். ஒட்டியது சரியா என்று ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நீள மேஜை. அந்த மேஜைக்காரர்களைத்தான் நிரந்தரம் செய்தார்கள். எங்களையெல்லாம் காண்ட்ராக்டில் எடுப்பார்கள், முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள், பிறகு முன்பின் பார்த்திராதவர்கள் போல மறுபடியும் எடுப்பார்கள்.

ஸ்கோப் மேஜைக்கு ஒரு விதி இருந்தது. கண்ணாடி போட்டவர்கள் அங்கே உட்காரக் கூடாது, பேக்கிங்குக்குப் போக வேண்டும். அக்காவுக்கோ பள்ளிக்கூடத்திலிருந்தே சோடாப்புட்டிக் கண்ணாடி. வேலைக்கு வருவதற்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு கடையில் காண்டாக்ட் லென்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை. நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரே ஒரு கண் பரிசோதனை பாக்கி. அதில் தேறிவிட்டால் ஜென்மத்துக்கும் அவளை அந்த மேஜையிலிருந்து எழுப்ப முடியாது. அவளுடைய பிழைப்பு முழுக்க அந்த இரண்டு துண்டு பிளாஸ்டிக்கில் இருந்தது. அதனால் அதைக் கழுவினாள், கழுவினாள், அப்படிக் கழுவினாள்.

கடைக்காரன் சொல்லிக்கொடுத்த முறை ரொம்பச் சாதாரணம். லென்ஸை உள்ளங்கைக் குழியில் வைத்து, புட்டியிலிருந்து சொல்யூஷன் நாலு சொட்டு விட்டு, ஆள்காட்டி விரலால் ஒரே பக்கமாக மெல்லத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கிழிந்துவிடும். பிறகு அதே சொல்யூஷனால் அலசி, இரட்டைக் குழி டப்பாவில் புதுச் சொல்யூஷன் ஊற்றி, வலது கண்ணுடையதை வலது குழியிலும் இடது கண்ணுடையதை இடது குழியிலும் ஊறப்போட வேண்டும். எக்காரணம் கொண்டும் தண்ணீர் படக் கூடாது. "எந்தத் தண்ணியும் படக் கூடாதும்மா" என்று அந்தப் பையன் சொன்னதாக அக்காவே பல தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சிரிப்பாள். வடக்குப்பட்டு போர் தண்ணீரின் யோக்கியதைக்கு அவன் சொன்னது பொருந்தும் என்பது அவள் கட்சி.

அவளுக்கு அது போதவில்லை. வாரம் ஒருமுறை மாத்திரை போட்டு நுரைக்க விடுவாள். சென்னைக்குப் போய் ஒரு குட்டி மெஷின் வாங்கி வந்தாள். சோப்பு டப்பா அளவு, நீல நிறம், பேட்டரி போட்டால் கிர்ரென்று நடுங்கி லென்ஸை அலசும். "அக்கா வாஷிங் மிஷின் வாங்கிருச்சு, நம்ம சுடிதாரையும் போடலாம்" என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எங்கள் மேல் பரிதாபம். "கண்ணுக்குத் தெரியுத அழுக்குதான் ஒங்களுக்கு அழுக்கு. தெரியாததுதாம்ளா ஆளக் கொல்லும்" என்பாள். அதில் அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை.

கழுவுவது லென்ஸோடு நிற்காது. டம்ளர், பக்கெட் பிடி, கதவின் தாழ்ப்பாள், சுவிட்ச், எல்லாவற்றையும் துடைப்பாள். நாங்கள் குடித்துக் கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவித்தான் குடிப்பாள். எல்லாருடையதையும்தான் கழுவினாள். என் டம்ளரை மட்டும் இரண்டு தடவை கழுவுகிறாளா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. வந்த வாரமே, துணி காயப்போடும்போது, "ஒனக்கு எந்தூரு?" என்றாள். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றாள்.

"காலனிதான்க்கா."

"அதுக்கென்ன, எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைகதான்" என்று சிரித்துவிட்டு, கிளிப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். மறுநாள் ஜன்னல் மேடையில் இருந்த லென்ஸ் டப்பா கதவுக்கு மேலே இருந்த பலகைக்குப் போயிருந்தது. எனக்கு எட்டாத உயரம். மற்ற இருவரும் என்னைவிடக் குள்ளம், அவர்களுக்கும்தான் எட்டாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சமாதானம் சொல்லிச் சொல்லியே எனக்குப் பழகிப்போயிருந்தது.

இதைப் படித்துவிட்டு அவளை ஒரேயடியாகக் கெட்டவள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சிக்குன்குனியா வந்து நான் கைகால் மடக்க முடியாமல் கிடந்தபோது, லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் காண்ட்ராக்டையே முறித்துவிடுவேன் என்றான். அக்கா ஸ்கோப் மேஜையிலிருந்து எழுந்து போய், "சார், அவ எடத்துல நான் ஓ.டி. பாக்கேன். அவ பேர மட்டும் எடுத்துராதீய" என்றாள். தன் ஷிப்ட் முடிந்த பிறகு என் இடத்தில் நின்று வேலை பார்த்தாள். திரும்பி வந்து கஞ்சி காய்ச்சி, உப்புப் பார்த்து, ஸ்பூனோடு பக்கத்தில் வைத்தாள். கையைப் பிடித்துப் பார்க்கவில்லை, நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் கஞ்சி சூடாக இருந்தது. அந்த நாட்களில் அவளுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

கீழ் வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனரம்மாவுக்கும் அவளுக்கும் தண்ணீரால் ஓயாத சண்டை. "இன்னாமே, தொட்டி ரொம்பறதுக்குள்ள காலி பண்ற? ஒரு கைய எத்தினி வாட்டி கழுவுவ? தோலு உரிஞ்சிக்கினு வந்துரப் போவுது!" என்று கீழேயிருந்து அந்தம்மாள் கத்தும். அக்கா வாயே திறக்க மாட்டாள், குழாயையும் மூட மாட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் பெரிய மழை. தகரத்தில் ஓட்டை. கதவுக்கு மேலே இருந்த பலகையில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அக்கா ஷிப்டில் இருந்தாள். நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, பலகையில் இருந்த அவளுடைய சாமான்களையெல்லாம் என் பெட்டிமேல் இறக்கி வைத்தேன். பைபிள், சொல்யூஷன் புட்டி, நீல மெஷின், ஒரு காலி லென்ஸ் டப்பா. மூடி மூடியபடியே இருந்தது. அக்கா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன், நல்லது செய்த பெருமையில். அவள் டப்பாவையே பார்த்தாள். "தாங்க்ஸ்ளா" என்றாள். பிறகு ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, டப்பாவை அதில் போட்டாள். கொதித்த கொதியில் அது கோணிக்கொண்டு மூடி மூடாமல் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய் வேறு வாங்கி வந்தாள். சொல்யூஷன் புட்டியையும் மாற்றினாள். பைபிளை மட்டும் வெயிலில் காயவைத்து வைத்துக்கொண்டாள்.

கேடு வந்தது கம்பெனியிலிருந்துதான். ஸ்கோப் மேஜையில் ஒரு சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாதபோது, அக்கா ஒரு லென்ஸைக் கழற்றிக் கண்ணாடித் துண்டில் வைத்து ஸ்கோப்பில் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு என்னையும் கையாட்டிக் கூப்பிட்டாள். பார்த்தேன். வெறுங்கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருந்த லென்ஸின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படை படிந்திருந்தது. கண்ணிலிருந்தே ஊறிப் படிகிற அழுக்காம் அது. சொல்யூஷனில் தேய்த்தும் மாத்திரை போட்டும் போகாத அழுக்கு. அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "இத்தன நாளா இதையா கண்ணுக்குள்ள வச்சிருந்தேன்?" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கம்பெனியில் 'நாசில்' கழுவுகிற தொட்டி ஒன்று உண்டு. பாகங்களைக் கவ்வி எடுக்கிற மெஷினின் குட்டி மூக்குகளுக்கு நாசில் என்று பெயர். சாப்பாட்டுத் தூக்கு அளவுள்ள எவர்சில்வர் தொட்டி, சுவிட்ச் போட்டால் வண்டு மாதிரி ரீங்கரிக்கும், காதுக்குக் கேட்காத சத்தத்தில் தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதறும். அதற்கு ஊற்றுவது டிஐ வாட்டர். அந்தத் தண்ணீரைப் பற்றி ட்ரெயினிங்கில் இன்ஜினியர் எங்களுக்குப் பாடமே எடுத்திருந்தார். "இதுல ஒண்ணுமே கிடையாதும்மா. உப்பு கிடையாது, மண்ணு கிடையாது. உலகத்துலயே இதவிட சுத்தமான தண்ணி இல்ல. குடிச்சாக்கூட ஒத்துக்காது, அவ்வளவு சுத்தம்." குழாய்க்கு மேலே சுவரில் ஒரு மீட்டர். அதில் பதினெட்டு என்று சிவப்பெழுத்து நின்றால் தண்ணீர் சுத்தம். குறைந்தால் மணி அடிக்கும், லைனையே நிறுத்துவார்கள். எங்கள் யாருக்காகவும் அந்த லைன் நின்றதில்லை. ஒரு பெண் மயங்கி விழுந்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தண்ணீருக்காக நிற்கும்.

அக்கா லென்ஸைத் தேநீர் வடிகட்டியில் வைத்து அந்தத் தொட்டியில் இறக்கினாள். எடுத்து ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். படையெல்லாம் போய், அன்றுதான் பிறந்தது மாதிரி இருந்தது. "பாருளா, பாரு" என்று என் தோளுக்குப் பக்கத்தில் நின்று குதித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சொல்யூஷனை அவள் மதிக்கவில்லை. திறந்து ஒரு மாதமான புட்டிக்குள் காற்றுப் போகாதா, கடைக்காரன் கை படாதா என்று கேட்டாள். இந்தத் தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது, அந்தப் புட்டிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்டை விட்டு வெளியே வரும்போது செக்யூரிட்டி எங்கள் தலைப்பின்னல் வரை தடவிப் பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை மட்டும் திறந்து பார்க்க மாட்டார்கள். அப்படியாக டிஐ வாட்டர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் எங்கள் அறைக்கு வந்து, கதவுக்கு மேலே பலகையில் குடியேறியது. ஒருமுறை பிடித்து வந்தால் வாரக்கணக்கில் வைத்திருப்பாள். சுத்தமான தண்ணீர் எப்படிக் கெடும்?

முதலில் கண் எரிந்தது. லென்ஸ் ஊதிப்போய்க் கண்ணோடு ஒட்டிக்கொண்டது. அதற்கும் காரணம் கண்டுபிடித்தாள். கண்ணீரில் உப்பு இருக்கிறது, இதில் இல்லை. அவ்வளவுதானே? ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கன்னத்தில் வழிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு பாட்டில் தண்ணீரில் தூள் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நக்கிப் பார்த்து, கண்ணீரின் கரிப்பு வருகிற வரைக்கும் சரிபார்த்தாள். எரிச்சல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவளோடு யார் பேச முடியும்?

"அந்தப் பையன் எந்தத் தண்ணியும் கூடாதுன்னுல்லக்கா சொன்னான்?" என்று நான் கேட்டேன்.

"அவனுக்கு மீட்டரப் பத்தி என்னளா தெரியும்?" என்றாள்.

கண் பரிசோதனைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வலது கண் சிவந்தது. கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் நர்ஸம்மா தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "மெட்ராஸ் ஐ. லைன்ல எல்லாருக்கும் ஒட்டிக்கும், வீட்டுக்குப் போ" என்று ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லென்ஸ் போடுகிறேன் என்று அக்கா அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேஜை போய்விடும். வீட்டில் ஹவுஸ் ஓனரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அய்ய, கிட்ட வராதமே! எங்கூட்ல சின்னப் புள்ளைங்க கீது" என்று படியிலேயே நிறுத்தியது. பிறகு மனசு கேட்காமல், கண்ணில் விடப் பன்னீர் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போனது. அக்கா அதைத் தொடவில்லை.

மெட்ராஸ் ஐ எங்களுக்கும் வந்திருக்கிறது. உறுத்தும், பீளை கட்டும், போய்விடும். இது அப்படி இல்லை. பகல் வெளிச்சம் பட்டால் அலறினாள். தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குள் ஊசியை வைத்துத் திருகுவதாகச் சொன்னாள். வலிக்கும்போதெல்லாம் பலகையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, அந்தத் தண்ணீரையே உள்ளங்கையில் ஊற்றிக் கண்ணைக் கழுவினாள். வேறெந்தத் தண்ணீரையும் அவள் நம்பவில்லை. வலிக்க வலிக்க அதிலேயே கழுவினாள். இதை எழுதும்போதுகூட எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கிறது.

மற்ற இருவரும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வேறு அறைக்குப் போய்விட்டார்கள். நான்தான் சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படப்பை வழியாகத் தாம்பரம் வரைக்கும் பஸ். உட்கார இடமில்லை. கண்ணைத் திறக்க முடியாதவள் எதையாவது பிடிக்க வேண்டுமே. இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, என் தோளில் போட்டு, அதன்மேல் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் கம்பியிலும் கை வைக்கிறவள் இல்லை, அதையும் இதையும் ஒன்றாகத்தான் பார்த்தாள் போல. அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது அவள் வலியில் முனகினாள், என் அழுகை போய்விட்டது.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கண்ணை விரித்து விளக்கு அடித்துப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "லென்ஸ் போடுவீங்களா? எதுல கழுவுவீங்க?" என்றார்.

"சொல்யூஷன்லதான்" என்றாள் அக்கா. கம்பெனித் தண்ணீரைத் திருடியது தெரிந்துவிடுமே என்ற பயம்.

நான் பொறுக்க மாட்டாமல், "இல்ல டாக்டர், கம்பெனி தண்ணி. உப்புப் போட்டு வச்சிருக்காங்க" என்றேன். அக்கா ஒரு கண்ணால் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பாட்டிலையும் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணிலிருந்தும் சுரண்டி எடுத்தார்கள். தட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று சில நாள் பார்க்க வேண்டும் என்றார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவள் அம்மா வந்து சேர்ந்த பிறகு ஒரு காலையில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு ஸ்கோப். கம்பெனியில் இருப்பதைவிடப் பழசு. "தண்ணியில வாழற உயிர் இது. கண்ணுல போய்க் குடியேறிட்டா கருவிழியை அரிச்சிடும். ரெண்டு தட்டுலயும் இருக்கு, உங்க பாட்டில் தண்ணியிலயும், உங்க கண்ணுலயும். பாருங்க" என்றார் டாக்டர்.

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆயிரக்கணக்கான அட்டைகளில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்தவள். இடது கண் நன்றாகத்தான் இருந்தது. "அந்தத் தண்ணில ஒண்ணும் கெடயாது. பதினெட்டு காட்டும்" என்றாள்.

"அந்த மீட்டர் உப்பு இருக்கான்னுதாம்மா பாக்கும். உயிர் இருக்கான்னு பாக்காது. உப்பு இல்லாததும் கிருமி இல்லாததும் வேற வேற" என்றார் டாக்டர், பொறுமையாக.

யாரும் பார்க்காமல் ஸ்கோப் சும்மா கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஓரமெல்லாம் முள் முளைத்த ஒரு சொட்டு, அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து, "இருக்குக்கா" என்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அம்மாவைப் பார்த்து, என்னைக் காட்டி, நிதானமான குரலில் சொன்னாள். "தண்ணிக்குள்ள தானா வராதும்மா. இவ கை பட்டுருக்கும். மழ பெஞ்சன்னைக்கு நான் இல்லாதப்ப ஏறி என் டப்பாவ எடுத்தா."

"அந்த டப்பாவத்தான் நீங்க அன்னைக்கே கொதிக்கவச்சு வீசிட்டீங்களேக்கா! அப்ப இந்தத் தண்ணியே ரூமுல கெடையாதே!" என்றேன்.

"கை இல்லம்மா, தண்ணி. தண்ணிதான்" என்று டாக்டர் குறுக்கே வந்தார். அம்மாக்காரி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ எந்தூரு பிள்ள?" என்றாள். அக்கா அவள் காதில் ஏதோ சொன்னாள். அம்மா தன் சேலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள். நான் எழுந்து வெளியே வந்து, தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வலது கண் போய்விட்டது. வேறொருவர் கருவிழியை வைத்துத் தைத்தும் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கண்ணாடி போடுகிறவள் என்பதை மறைத்துவிட்டாள் என்று கம்பெனி அவளைக் கணக்கு முடித்து அனுப்பியது. அந்தத் தண்ணீரைப் பற்றிக் கம்பெனியில் எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். ஊருக்குப் போகும் முன் அறைக்குச் சாமான் எடுக்க வந்தவள், வேறு அறைக்குப் போயிருந்த மற்ற இருவரிடமும் கதையைச் சொல்லிவிட்டுப் போனாள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அன்றிலிருந்து காலியாக வந்தது. கேண்டீனில் என் தட்டுக்குப் பக்கத்திலிருந்து தட்டுகள் நகர்ந்தன. பொறாமையில் ஒருத்தி கண்ணைக் கெடுத்தவள் என்று பெயர். காண்ட்ராக்ட் முடிந்ததும் அந்தத் தடவை என்னை மறுபடி எடுக்கவில்லை.

பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள். நிரந்தரமானவர்களும் காண்ட்ராக்ட்காரர்களும் ஒரே கேட்டுக்கு வெளியே ஒரே வெயிலில் நின்றார்கள். நான் அதற்குள் கல்யாணமாகிப் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தேன், கார் கம்பெனி கேண்டீன் ஒன்றில் வேலை. 2015இல் ஒரு மதியம் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வெள்ளைச் சேலை கட்டிய நாலைந்து பெண்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தி தடிக் கண்ணாடி போட்டிருந்தாள். வலது பக்கக் கண்ணாடி பால் நிறத்தில் மங்கலாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவள் கண்டுகொண்டாள். ஒற்றைக் கண்ணிலும் ஸ்கோப்காரியின் கூர்மை.

"ஏளா! நீயா?" என்று ஓடிவந்தாள். மெலிந்திருந்தாள். கல்யாணம் சபை ஊழியக்காரர் ஒருவரோடு என்றாள். புதிதாக வீடுகள் வருகிற இடங்களுக்கெல்லாம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறார்களாம். கூட்டங்களில் சாட்சி சொல்கிறாளாம். என்ன சாட்சி என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "ஒரு சகோதரியோட பொறாமையால கண்ண இழந்தேன், ஆனா அவள மன்னிச்சேன், அதுக்கப்புறந்தான் சமாதானம் கெடச்சுதுன்னு சொல்லுவேன். கேக்குதவ்வோ எல்லாரும் அழுதுருவாவ. ஒம் பேரு சொல்ல மாட்டேன்ளா, பயப்படாத."

எனக்குக் காதுக்குள் ஓவென்று இரைந்தது. "அது தண்ணிக்கா. டாக்டர் சொன்னாங்களே. நான் கண்ணால பாத்தேனே" என்றேன்.

"சரி விடு. இன்னுமா அதையே சொல்லிக்கிட்டிருக்க?" அவள் குரலில் அவ்வளவு கனிவு. "நாந்தான் மன்னிச்சிட்டேன்லா. ஒனக்காக ஜெபிக்காத நாளு கெடயாது. நீ மனசு கஷ்டப்படாத."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் மேல் அவளுக்கு இருந்தது உண்மையான அன்பு. அந்தக் கண்ணை அவளே கழுவிக் கழுவிக் கெடுத்தாள் என்பதைத் தாங்குவதற்கு அவளுக்கு வேறு வழி இல்லை. நான்தான் அந்த வழி. அதற்கு நான் என்னை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று எந்த ஆண்டவர் சொன்னார்? கூட்டம் கூட்டமாகப் போய் என் கையை அழுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேட்கிறவர்கள் அழுகிறார்கள்.

"பிள்ளைக எத்தன?" என்றாள். "பேரச் சொல்லு, அதுகளுக்கும் சேத்து ஜெபிக்கேன்."

பஸ் வளைவில் தெரிந்தது. நான் அவளுடைய நல்ல கண்ணைப் பார்த்தேன்.

"பிள்ளைக இல்லக்கா" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. நெஞ்சில் கை வைத்து, "ஆண்டவர் தருவாருளா. நான் இன்னையில இருந்து அதுக்குன்னே கேக்கேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் பஸ் ஏறினேன். பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி, பால்வாடியிலிருந்து மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.